சுடலைச்செல்வியின் நகங்கள்

செந்தூர் முருகன் துணை

தூத்துக்குடி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஜெயபிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் முருகன் புண்ணியத்தில் நடமாட்டமாக இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் உனக்கு ஒரு நோவும் வராமல் அவனே பார்த்துக்கொள்ளட்டும். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன், கடைசிவரை படி. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, நம் கடையில் உட்கார்ந்து முந்திரி மக்ரூன் தின்பதை மட்டும் விடவில்லை, கேட்டால் உடைஞ்சதத்தானட்டி திங்கேன், அதுல சீனி இருக்காதுங்கிறார். உப்பளத்துப் பக்கமெல்லாம் மழை, துணி ஒன்றும் காயவில்லை.

சுடலைச்செல்வி வழக்கில் நீ சாட்சி சொல்ல வரவேண்டும் என்று கோர்ட் சம்மன் கொண்டுவந்த போலீஸ் ஏட்டிடம், நீ சொல்லிக்கொடுத்தபடியே மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், விலாசம் தெரியாது என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன நாளிலிருந்து எனக்கு மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. சாயங்காலம் விளக்கு ஏற்றப் போனால் குச்சி குச்சியாக அணைகிறது. பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தால் என் கையோடு இன்னொரு கையும் தண்ணீருக்குள் இருப்பதுபோலத் தோன்றுகிறது, சட்டென்று எடுத்துச் சேலையில் துடைத்துக்கொள்கிறேன். பால்கணக்கு, கியாஸ் கணக்கெல்லாம் சரியாக எழுதி முடித்த பிறகும் எதையோ எழுதாமல் விட்ட மாதிரியே உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளையை அவள் புருஷன், தூக்குப் போட்டுக்கொண்டாள் என்று சொல்லி அப்போது நீ இங்கே வேலை பார்த்த வார்டுக்குக் கொண்டுவந்ததும், கொஞ்ச நேரத்தில் உயிர் போனதும், சொந்தம் என்று ஒருத்தரும் பக்கத்தில் இல்லாததால் நீயே வெந்நீர் தொட்டுக் கை முகம் துடைத்து, நகமெல்லாம் சுத்தம் பண்ணி, நெற்றியில் திருநீறு பூசி அனுப்பியதும் நீ வேலை முடிந்து வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். நகத்துக்குள்ள ரத்தத்தோட தோலாட்டம் ஒட்டியிருந்துச்சும்மா, அப்படியே அனுப்ப மனசு வரலன்னு சொன்னாய். நம் வீட்டில் கண் மூடினவர்களுக்குச் செய்கிறதைத்தானே செய்தாய். ஆனால் டாக்டர் அறுத்துப் பார்த்தபோது நகத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டாராம், அவன்தான் கொன்றான் என்று நடக்கிற வழக்கில் அதைக் காட்டித்தான் அவன் தரப்பு வக்கீல், அவள் யாரோடும் மல்லுக்கட்டவில்லை, தானாகத்தான் தொங்கினாள் என்கிறாராம். இருந்ததைப் பார்த்தவள் நீ ஒருத்திதான் மகளே.

அவள் அம்மா பிச்சம்மாள் செவ்வாய்க்கிழமைதோறும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து நம் வீட்டுக்கு எதிரே நிற்கிறாள். கதவைத் தட்டுவதில்லை, ஏசுவதில்லை. போன வாரம் பொறுக்காமல் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கவில்லை. எம்மா, எம் மவ கையக் கடைசியாப் புடிச்சது ஒங்க மவதானாமே, அப்ப கை சூடா இருந்துச்சா, சில்லுன்னு ஆயிருச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க என்றாள். மோரை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

உன்னோடு வேலை பார்த்த கிருபை ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்தாள். அவர்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ் எல்லோருக்கும் கோர்ட்டில் சாட்சி சொல்வது எப்படி என்று வக்கீல்களை வைத்து வகுப்பு எடுத்தார்களாம். மீட்டிங் ஹாலையே கோர்ட்டாக்கி இவளைக் கூண்டில் நிறுத்தி, வழக்கில் மாட்டிய ஆள்மேல் உங்களுக்குக் கோபமா என்று ஒரு வக்கீல் கேட்டாராம், நம்ம கிருபை, பின்ன அவனக் கொஞ்சவா செய்வாங்கன்னு கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்களாம், அவர் மட்டும் சிரிக்காமல், இந்த ஒரு வார்த்தை போதும்மா, நீங்க வன்மத்துல பேசுதீயன்னு சொல்லி ஒங்க சாட்சியவே கவுத்திருவேன் என்றாராம். அதனால் நீயும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கேள்வி யார் கேட்டாலும் ஜட்ஜைப் பார்த்துச் சொல், ஞாபகம் இல்லையென்றால் கேஸ் ஷீட்டைப் பார்க்க வேண்டும் என்று கேள், தெரியாததைத் தெரியாது என்பதில் வெட்கம் இல்லை. அது யாருடைய தோல் என்று நீ சொல்லவே கூடாது, பார்த்ததை மட்டும் சொல். கிருபை உன் பெயரைச் சொல்லாமல், ஒரு நர்ஸ் தெரியாம செத்தவ கையக் கழுவிட்டா என்ன செய்யன்னு கேட்டிருக்கிறாள். அதற்கு அவர், அரசாங்க வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கழுவியதை மறைத்தால் அதற்கு முன்னால் கண்ணால் கண்டதும் நிற்காது என்றாராம். அவ வேலைக்கு ஆபத்து வருமாட்டின்னு கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. வராது என்று நானும் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். நேரில் வரமுடியாவிட்டால், கோர்ட் சம்மதித்தால் அங்கேயுள்ள நம் தூதரகத்தில் இருந்து வீடியோவில் சொல்லலாமாம், விசாரித்து வை.

நேற்று ஏட்டு மறுபடியும் வந்தார். எக்கா, ஆள் இல்லன்னு எழுதிட்டுப் போயிருதேன், ஒங்களுக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் அலைச்சல் மிச்சம் என்றார். நான் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டுச் சம்மனை வாங்கிவிட்டேன், உன் விலாசத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காண்டாமாட்டின்னு அப்பா கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கடைக்குப் போனார். நீயும் கோபப்படு, எவ்வளவு நாள் பேசாமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்கிறேன்.

சாமி உனக்குத் தைரியத்தையும் நிதானத்தையும் கொடுக்கட்டும். தலை ஈரத்தோடு வேலைக்குப் போகாதே, வேளைக்குச் சாப்பிடு. விசாரணை அன்றைக்கு நான் இங்கே கோர்ட்டில் போய் உட்கார்ந்திருப்பேன். படித்த நர்ஸ்தானே, யார் சொல்லிக் கழுவினாய் என்று அந்த வக்கீல் உன்னைக் கேட்பார். துணையில்லாமல் கண் மூடுகிறவர்களைத் துடைத்துத் திருநீறு பூசாமல் அனுப்பாதே என்று, நீ நர்சிங் படிக்கச் சேர்ந்த அன்றைக்கு நான்தான் உன்னிடம் சொன்னேன், நீ மறந்திருப்பாய். கேட்டால் தயங்காமல் என் பெயரைச் சொல். ரேஷன் கார்டில் உள்ளபடி கீழே எழுதியிருக்கிறேன், இப்படியே சொல்.

இப்படிக்கு உன் அம்மா,
வ. முத்துக்கனி,
கணவர் பெயர் வன்னியபெருமாள்,
தூத்துக்குடி.