கரண்டி சொன்ன யோசனைகள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். நீ ஜோடியாக வாங்கி, ஒன்றை உதிரி பாகங்களாக எங்களுக்கு அனுப்பிய விளக்கை ஒருவழியாகச் சேர்த்துப் பூட்டிவிட்டோம். இங்கே பொத்தானை அழுத்தினால் உன் வீட்டு விளக்கு எரியும், நீ அழுத்தினால் இங்கே எரியும் என்றாய். கடைசியில், உன்னுடையது வேலை செய்யவில்லை, "எனக்கு இதெல்லாம் வராதும்மா, மூட்டை கட்டி வச்சுட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டாய். போனில் யோசனை சொன்னால் பாதியிலேயே சரி சரி என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போனதிலிருந்து அப்பா ரேடியோ ரிப்பேர் பக்கமே போகவில்லை. இந்தப் பெட்டியைப் பிரித்ததும் நாற்காலியை மேசையருகே போடச் சொல்லி ஜாடை காட்டினார். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் என் கையில், கரண்டி அவர் இடது கையில். ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு தட்டு என்றால் தப்பு, கழற்று. பேச்சுதான் போயிற்று, மனிதருக்கு வாய் குறையவில்லை. துணி தைத்த கை எனக்கு, அவசரம் அதிகம். ஈயத்தை அயர்ன் நுனியிலேயே உருக்கிச் சொட்டவிட்டேன், மேசை அதிர இரண்டு தட்டு. சாமானின் கம்பிக் காலையும் பலகையில் அதைச் சுற்றிய செம்பு வட்டத்தையும் சேர்த்துச் சூடாக்கி அங்கே ஈயக் கம்பியால் தொட வேண்டும் என்று ஜாடையிலேயே காட்டினார், தானே வழிந்து பிடித்துக்கொள்கிறது. ஆறும்வரை அசைக்காதே. பளபளவென்று இருந்தால் பிடித்துவிட்டது, மங்கி உருண்டையாக நின்றால் இல்லை. குட்டையான சாமான்களை முதலில் வை, உயரமானவை கடைசியில், இல்லாவிட்டால் பலகையைத் திருப்பும்போது குட்டைகள் விழுந்து தொலையும். மிச்சக் காலை வெட்டும்போது விரலால் பிடித்துக்கொள், கண்ணில் தெறிக்கும். ஜன்னலைத் திறந்து வை, புகை நல்லதல்ல.

நீ அனுப்பிய உன் விளக்குப் பலகையின் போட்டோவை அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சின்ன பல்பின் மேல் விரல் வைத்து இரண்டு தட்டு, பொத்தானின் கால் மேல் இன்னும் இரண்டு. பல்பைத் திருப்பிப் போட்டிருக்கிறாய், விளிம்பில் தட்டையான பக்கம்தான் மைனஸ். பொத்தான் காலில் ஈயம் பிடிக்கவே இல்லை. அவ்வளவுதான் கோளாறு, மூட்டையை அவிழ்.

உன்னுடையது தயாராகவில்லை என்று அவரிடம் சொல்லியாயிற்று. ஆனாலும் பல் தேய்த்ததும் வந்து பொத்தானை அழுத்திவிட்டு, விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். நேற்று பெருக்குவதற்கு நாற்காலியை நகர்த்தப் போனேன், இரண்டு தட்டு. எனக்கு எரிச்சல்தான், ஆனாலும் நாற்காலியைச் சுற்றியே பெருக்கிவிட்டேன்.

நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து இரு, எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. சரியானதும் எனக்குப் போன் செய்யாதே, பொத்தானை அழுத்து. எதிரில் அவர்தான் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
விரலைச் சுட்டுக்கொண்ட உன் அம்மா.
அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். ஒரு தட்டு.