கல்யாணத்துக்கு ஒரு வேகன்

மார்ச் 9, 2025, ஞாயிறு

வாங்கியே விட்டேன். சாஆ ஊரில், எஸ்டேட் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் வீட்டுக் கொட்டகையில் கிடந்த ஸ்டேஷன் வேகன். எழுபத்தெட்டாம் வருடத்து வண்டி. நீண்ட உடம்பு, பின்பக்கமெல்லாம் கண்ணாடி. உள்ளே கோழிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கஸ்தூரி, பின் சீட்டுல முட்டை இருக்கு" என்றார்.

"இருக்கட்டும். அதையும் சேர்த்துத்தான் விலை பேசியிருக்கேன்."

ஜூன் எட்டாம் தேதி லோஷினிக்குக் கல்யாணம். என் ஒரே மகள் இந்த வண்டியில்தான் மண்டபத்தில் போய் இறங்க வேண்டும். என் கல்யாணத்துக்கு என்னை எஸ்டேட் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பட்டுப்புடவையில் செம்பனை எண்ணெய் படக்கூடாதே என்று வழியெல்லாம் நின்றுகொண்டே போனேன். இவளாவது உட்கார்ந்து போகட்டும்.

மார்ச் 15

சிம்பாங் ரெங்கத்தில் தங்கராஜுவின் ஒர்க்‌ஷாப்பில் விட்டாயிற்று. "இஞ்சின் பரவால்லக்கா. பிரேக்தான் சுத்தமா இல்லலா" என்றான். ஓடாத வண்டிக்குப் பிரேக் எதற்கு என்றேன். பையன் சிரிக்கவில்லை.

மார்ச் 22

ஒயரிங்கை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். குளுவாங் ஃபேக்டரியில் பாதி ஆயுள் ஒயருக்கு ஈயம் வைத்தவள் நான். எலி கடித்ததை ஒட்டத் தெரியாதா? வேலையை விட்டதிலிருந்து பகலெல்லாம் கொட்டாவிதான். இன்று மத்தியானச் சாப்பாடே மறந்துபோனது.

மார்ச் 30

ஹாரன் வேலை செய்கிறது. நிற்க மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 12

ஓடிவிட்டது! முதலில் இருமியது, கறுப்பாகப் புகை விட்டது, பிறகு சீராக நின்று ஓடியது. தங்கராஜு கையைத் துடைத்துக்கொண்டே, "ஓட்டுங்கக்கா" என்று சாவியை நீட்டினான். பசார் வரைக்கும் போய்த் திரும்பினேன். கொப்பித்தியாம் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நல்ல சந்தோஷமாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

ஏப்ரல் 20, ஞாயிறு

லோஷினி சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தாள். வண்டியில் உட்காரவைத்து, எங்கே மல்லிகைச் சரம் கட்டுவது, எங்கே வாழைக்கன்று வைப்பது என்று காட்டினேன். "நல்லாருக்கும்மா" என்றாள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கல்யாண வேலையில் பிள்ளைக்குக் களைப்பு.

மே 9, வெள்ளி

என்ன செய்து தொலைத்தேன்!

நேற்றுதான் பெயின்ட் அடித்து வந்தது. பால் நிறம், அவ்வளவு அழகு. பெயின்ட் அடித்தவர் ஒரு வாரம் எதுவும் படக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார். ஆனால் அடுத்த வெள்ளி தேய்பிறை. தேய்பிறையில் யாராவது வண்டிக்குப் பூசை போடுவார்களா? இன்றைக்கே கோயிலுக்கு ஓட்டிப் போனேன். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஐயர் பானெட்டின் நடுவில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமத்தையும் வைத்தார். ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் துடைத்தால் போகவில்லை. உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஊறிப்போய்க் கிடக்கிறது.

சாமிக்கு வைத்ததைத் திட்டவும் முடியவில்லை.

மே 11, ஞாயிறு

பானெட்டை மறுபடி அடிக்க வேண்டும், கல்யாணத்துக்குள் காய்ந்துவிடும் என்று லோஷினியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள், "அடிக்க வேண்டாம்மா. நான் அந்த வேகன்ல வரல" என்றாள்.

ஏர்கோன் இல்லையாம். மேக்கப் வழிந்துவிடுமாம். அவளுடன் வேலை செய்கிற பெண் தன் புதுக் காரைத் தருகிறாளாம். போன மாதமே பேசி முடித்தாயிற்றாம்! ஏன்டி முன்னாலயே சொல்லலன்னு கேட்டா, "நீங்க அவ்ளோ சந்தோஷமா செஞ்சிட்டு இருந்தீங்க, எப்படிம்மா சொல்றது?" ங்கிறா. அலமாக். நான் யாருக்காகடி செஞ்சேன்? இந்த வயசுல கார் அடியில படுத்துக்கிட்டு, முடியெல்லாம் கிரீஸ் ஆக்கிக்கிட்டு…

எழுதக் கை வரவில்லை.

மே 14

அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மே 17

வண்டியை உறை போட்டு மூடிவிட்டேன். விற்றுவிடலாமா என்று இவரிடம் கேட்டேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "பிள்ளைக்குன்னு நீ சொல்லிட்டு இருந்த. உனக்குத்தான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்லா" என்றார். அன்றைக்கே என்றால் என்றைக்கு? "முட்டையைச் சேர்த்து விலை பேசுன பாரு, அன்னைக்கு."

பேசாத மனிதர் பேசினால் இப்படித்தான். எனக்கு ரோஷம் வந்தது. அப்புறம் சிரிப்பும் வந்தது. பகல் முழுக்க யோசித்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. ஒயரை ஒட்டும்போது நான் மகளை நினைத்தேனா என்ன? ஒயரைத்தான் நினைத்தேன்.

சாயங்காலம் லோஷினியை நானே கூப்பிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. லோஷினி தோழியின் காரில் மேக்கப் கலையாமல் வந்து இறங்கினாள். அழகாக இருந்தாள். சீர்த்தட்டுகள் எல்லாம் வேகனில்தான் வந்தன. பின் சீட்டை மடித்தால் ஒரு பழம்கூட உருளாமல் அத்தனையும் அடங்குகிறது. பட்டுப்புடவையோடு நான்தான் ஓட்டினேன். வேர்த்துக் கொட்டியது. இரவு வாசலில் என் பிள்ளையைக் காணாமல் கொஞ்சம் அழுதேன்.

ஜூன் 11, புதன்

மறுவீட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துவர மாப்பிள்ளை வீடு இருக்கும் பொந்தியானுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை தீபனை முன்னால் உட்காரச் சொன்னேன். அதற்குள் லோஷினி என் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். கழுத்தில் புதுத்தாலி, காலில் சிலிப்பர்.

"அம்மா, நான் ஓட்டுறேன். கீ குடுங்க."

"கியர் கடுசா இருக்கும்டி."

"உக்காந்துக்கிட்டே இருக்காதீங்கம்மா, நகருங்க."

மாப்பிள்ளையும் இவரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். வழியில் பெனுட் போவதற்குள் நான்கு தடவை இஞ்சினை அணையவிட்டாள். ஒவ்வொரு தடவையும் நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைக் காட்டினேன். பெனுட் தாண்டியதும் கை பழகிவிட்டது. நான்கு கண்ணாடியையும் இறக்கியாயிற்று, இரண்டு பக்கமும் செம்பனை. முடி காற்றில் பறந்து வாய்க்குள் போகிறது, துப்பிவிட்டு ஓட்டுகிறாள். "நல்லாருக்கும்மா" என்றாள். இந்தத் தடவை ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவளை மகாராணியாகப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போகத்தான் ஆசைப்பட்டேன். கடைசியில் கால் நீட்டி உட்கார்ந்து வந்தது நான். வீடு வர இன்னும் கொஞ்ச நேரம் ஆனால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.