சரிவுத் திடல்

ஆகஸ்ட் 9, சனி

சாயங்காலம் ரிங்லெட் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் ஒரே சத்தம். தம்பி குமரனின் கல்லூரிக் கால்பந்து அணி புதுப் பருவத்துக்கான ஆட்டக்காரர்களை அறிவித்திருந்தது. "நம்ம குமரன் முதல் பதினொன்னுல இருக்கான்லா!" என்று லோரி ஓட்டும் மணியம் அண்ணன் மேசையைத் தட்டினார். "கோல் போட ஆளு யாரு? போன வருசத்து நெட்டையன்தானே? உருப்பட்ட மாதிரிதான்" என்று கடைக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார்.

எங்கள் எஸ்டேட் திடல் சரிவானது. நேராக உதைத்தால் பந்து கீழே தேயிலைக்குள் உருண்டுவிடும். அதனால் மேட்டுப் பக்கமாகவே உதைத்துப் பழகியவன் குமரன். தப்பி உருளும் பந்தை எடுத்து வருவது என் வேலை. போன வருடம் கல்லூரியின் சமதரையிலும் அப்படியே உதைத்தான். பந்தெல்லாம் கோட்டுக்கு வெளியே போக, அவனை உட்கார வைத்துவிட்டார்கள்.

இன்று கடையில் அணியின் பயிற்சி வீடியோவைக் கைபேசியில் காட்டினார்கள். குமரன் உதைத்த ஒவ்வொரு பந்தும் நேராகப் போனது. "பார்த்தியா தங்கச்சி, திருந்திட்டான்!" என்றார் மணியம் அண்ணன். திருந்துவதற்கு அவன் என்ன தப்பு செய்தான்?

வீட்டுக்கு வந்தும் அந்த வீடியோவையே போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், ஒரு பந்தாவது மேட்டுப் பக்கம் போகாதா என்று.