அம்மா எடுத்துக் கொடுத்த பதில்கள்

பிப்ரவரி 3

ஜெராக்ஸ் கடையில் இன்று நிற்க இடமில்லை. பரீட்சை நெருங்கினால் இப்படித்தான். ஒருத்தி யாரோ எழுதிய குறிப்புகளைக் கட்டாகக் கொண்டுவந்து, "எல்லாம் ஒரு காப்பி" என்றாள். வாங்கிப் பையில் வைத்ததும் பாதிப் பாடத்தைப் படித்து முடித்த முகம் வந்துவிட்டது அவளுக்கு. போன வருஷம் நானும் இதே மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று அதே முகத்தோடு வீட்டுக்குப் போனவள்தான். இப்போது இந்தப் பக்கம் வேலை பார்க்கிறேன்.

வருத்தமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. சந்தோஷமா? அதுவும் இல்லை. எதுவுமே இல்லை.

பிப்ரவரி 6

பிளஸ் டூவில் போனது வேதியியல் ஒன்றுதான். மற்றதெல்லாம் பாஸ். ஏப்ரலில் மறுபடி எழுத வேண்டும். பழைய பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசித் தேர்வு. இதையும் கோட்டை விட்டால் எல்லாப் பாடத்தையும் புதுப் புத்தகத்தில் முதலிலிருந்து எழுத வேண்டும். பாஸானால் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் பயிற்சிக்கு இடம் இருக்கிறது. மதிப்பெண் தாளைக் காட்டினால் சேர்த்துக்கொள்வார்கள்.

அம்மா இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே ஓரக்கண்ணால் என்னைப் பார்க்கிறாள். நான் திரும்பினால் ஊசியில் நூல் கோர்க்கிறாள். நூல் ஏற்கெனவே கோர்த்துத்தான் இருக்கும்.

பிப்ரவரி 9

சாயங்காலம் முழுக்கப் படித்தேன். முக்கியமான வரிகளுக்கு மட்டும் மஞ்சள் அடித்தேன். முடித்துப் பார்த்தால் பக்கமே மஞ்சள். அப்போ எதுதான் முக்கியம்?

பிப்ரவரி 14

டியூஷன். கெமிஸ்ட்ரி மிஸ் என் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "என்ன இது, மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் உதட்டை இழுத்து வைத்தேன்.

பிறகு புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். மின்னாற்பகுப்பு பற்றித் தெரிந்ததை எழுதச் சொன்னார். நேற்றுதான் இரண்டு தடவை படித்திருந்தேன். நாலு வரிக்கு மேல் நகரவில்லை.

"புத்தகம் திறந்திருந்தா எல்லாருக்கும் எல்லாம் தெரியும். உள்ள போட்டுக்கிட்டே இருக்க, வெளிய எடுத்துப் பழகவே இல்லையே நீ. மூடி வச்சு எழுது. அப்புறம் திறந்து எது விட்டுப் போச்சுன்னு பாரு. ஒரே நாள்ல பத்து தடவ படிக்காத. கொஞ்சம் மறக்க விடு. நாலு நாள் போகட்டும், திரும்ப எழுது. கஷ்டப்பட்டு ஞாபகம் வந்தாத்தான் ஒட்டும்."

தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு மதிப்பெண் உண்டென்றால் போன வருஷமே நான் பாஸ்.

பிப்ரவரி 15

கடையில் பாழான காப்பிகள் ஒரு மூட்டை கிடக்கின்றன. பின்பக்கமெல்லாம் வெள்ளை. எடுத்துக்கொள்ளவா என்று முதலாளியிடம் கேட்டேன். "தாராளமா. எடைக்குத்தான போடப் போறேன்" என்றார்.

பிப்ரவரி 21

மூடி வைத்து எழுதுவது நரகம். பாதியில் பேனா நின்றுவிடுகிறது. அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அழுகை வந்தாலாவது பரவாயில்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். "நான் வேணா கேள்வி கேக்கட்டுமா? தமிழ்லதான இருக்கு."

சரி என்றேன்.

பிப்ரவரி 27

தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறாள். நான் எதிரில் உட்கார்ந்து சொல்கிறேன். எல்லாம் வருகிறது. எனக்கே ஆச்சரியம்.

அப்பா லாரியோடு வெளியூரில் இருக்கிறார். அவருக்குப் போன் போட்டு, "கேட்டதெல்லாம் கடகடன்னு சொல்றா உங்க பொண்ணு" என்று அம்மா சொன்னாள். அப்பா என்னிடம், "அப்படியாம்மா?" என்றார். "ம்" என்றேன். எங்கள் பேச்சு இப்போதெல்லாம் அவ்வளவுதான்.

மார்ச் 8

மாதிரித் தேர்வு. இருபத்தொன்பது. பாஸாக முப்பத்தைந்து வேண்டும்.

தெரியாத கேள்வி என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் அம்மா கேட்டது, நான் சொன்னது. தாளில் பார்த்ததும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. போன வருஷமும் இப்படியேதான் உக்காந்திருந்தேன். படிச்சதெல்லாம் எங்க போச்சு? வீட்ல வந்தது அங்க ஏன் வரல? எனக்கு மூளைல ஏதாவது கோளாறா —

அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். மெஷின் மேல் கவிழ்த்து வைத்தாள். "சாப்பிடு" என்றாள்.

மார்ச் 9

ஒன்றுமில்லை.

மார்ச் 12

மிஸ் தைக்கக் கொடுத்த சட்டையை அளவு பார்க்க வந்தார். அம்மா முள் மேல் நிற்பது போல் நின்றாள். பிறகு கேட்டேவிட்டாள்: "வீட்ல எல்லாத்தையும் சொல்றா மிஸ். அங்க போனா ஏன் இப்படி ஆகுது?"

"எங்க, கேளுங்க. நான் பாக்கறேன்" என்று மிஸ் கட்டிலில் உட்கார்ந்தார்.

அம்மா புத்தகத்தைத் திறந்தாள். "மின்னாற்பகுப்புல ஆக்ஸிஜனேற்றம் எங்க நடக்கும்?"

யோசித்தேன். அம்மா, "நே..." என்றாள்.

"நேர்மின்வாய்."

"அங்க என்ன ஆகும்? எலக்ட்ரான..."

"ஏத்துக்கும்" என்றேன். அம்மாவின் புருவம் லேசாக ஏறியது. "இல்ல, இழக்கும்."

"பாத்தீங்களா?" என்று அம்மா பெருமையாகத் திரும்பினாள்.

மிஸ் சிரிக்கவில்லை. "பாத்தேன். பரீட்சைய நீங்க எழுதப் போறீங்களா, அவ எழுதப் போறாளா?"

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாளும் நான் பாடத்தைப் படிக்கவில்லை, அம்மாவின் முகத்தைப் படித்திருக்கிறேன். முதல் எழுத்தை அவள் எடுத்துக் கொடுப்பாள், மீதியை நான் முடிப்பேன். புருவம் ஏறினால் மாற்றிச் சொல்வேன். சத்தியமாக இரண்டு பேருக்குமே தெரியாது.

மிஸ் நிதானமாக விளக்கினார். அம்மாவின் முகம் சுண்டிப் போனது. "பிள்ள தடுமாறினா வாய் தானா வந்துடுது மிஸ்" என்றாள்.

"அந்தத் தடுமாற்றம்தாங்க படிப்பே. அத நீங்க வாங்கிக்கிட்டா அவளுக்கு என்ன இருக்கு?"

மிஸ் போன பிறகு அம்மா சட்டையில் கையை இணைத்த தையலைப் பிரித்து மறுபடி தைத்தாள். அதில் தப்பு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 13

புது ஏற்பாடு. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும். கேள்வியைப் படித்ததும் நாலு குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்ள வேண்டும். துணியில் மடிப்பு வைக்கும்போது செய்வதுதான், அவளுக்குப் பழக்கம். நான் பதில் சொல்லி முடிக்கும்வரை, அல்லது தெரியாது என்று சொல்லும்வரை, எடுக்கக் கூடாது. யோசனை அம்மாவுடையதுதான்.

முதல் கேள்விக்குப் பதில் வரவில்லை. காத்திருந்தேன். இரண்டாவதும் இல்லை. மூன்றாவதில் அம்மாவின் முதுகு பொறுக்கமாட்டாமல் நெளிந்தது. ஊசிகளை எடுத்துவிட்டாள்.

"நீ பேச்சு மூச்சில்லாம உக்காந்திருந்தா என்னால தாங்க முடியலடி. போன வருஷம் ரிசல்ட் வந்த அன்னிக்கும் இப்படியேதான் உக்காந்திருந்த. அழுவன்னு பாத்தேன். திட்டுவன்னு பாத்தேன். ஒண்ணுமில்ல. அன்னிலேர்ந்து நீ இப்படித்தான்டி இருக்க."

போன வருஷத்தைப் பற்றி அம்மா வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை. "ஊசிய வைம்மா" என்றேன். வைத்துக்கொண்டாள்.

மார்ச் 20

எந்தப் பாடத்திலிருந்து கேள்வி என்று முன்கூட்டித் தெரியக் கூடாதாம், கலந்து கேட்கச் சொன்னார் மிஸ். கேள்விகளைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அம்மா காலி பட்டன் டப்பாவில் போட்டுக் குலுக்கினாள். சோப்புக்கு அடுத்து மோல் கணக்கு, அதற்கடுத்து துரு. தலை சுற்றுகிறது. பாதிக்கு மேல் வருகிறது.

மார்ச் 29

மின்னாற்பகுப்பு. புத்தகம் மூடி. தாள் நிறைந்து இன்னொரு தாளும் எடுத்தேன். சந்தோஷம் வரவில்லை, சரி, பதில் வந்ததே.

ஏப்ரல் 4

பழைய கேள்வித்தாள் ஒன்றை மிஸ் வீட்டில் கடிகாரம் வைத்து எழுதினேன். நாற்பத்து நாலு. "ம்" என்றார். மிஸ்ஸின் "ம்" லேசில் வராது.

ஏப்ரல் 10

நாளைக்குப் பரீட்சை. புதிதாக எதையும் தொடக் கூடாது, தூங்கு என்று மிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அம்மா சந்தேகப்பட்டு வேதியியல் புத்தகத்தைத் துணி மூட்டைக்குள் ஒளித்துவிட்டாள்.

ஏப்ரல் 11

எழுதிவிட்டேன்.

சோப்பு எப்படி அழுக்கை நீக்குகிறது என்று கேட்டிருந்தார்கள். ஒரு சொல்கூட வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மேற்பார்வையாளர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார், அந்த முகத்தில் படிக்க ஒன்றுமில்லை. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதினேன். திரும்பி வந்தேன். மறுபடியும் ஒன்றுமில்லை. இந்த ஒன்றுமில்லாமையில்தான் ஒரு மாதமாகத் தினமும் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் பயமாக இல்லை. உட்கார்ந்தே இருந்தேன். நீரோடு சேரும் தலை, எண்ணெயோடு சேரும் வால் என்று வந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள்.

மே 19

பாஸ். அறுபத்தொன்று.

முதலாளி கடையில் இருந்த எல்லாருக்கும் டீ வாங்கித் தந்தார். மிஸ், "எனக்குத் தெரியும்" என்றார். அம்மா என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸானால் சந்தோஷம், அழுகை எல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. யாரிடம் சொல்ல?

மே 22

கடையிலிருந்து பசியோடு வந்தேன். அம்மா ஒரு வாடிக்கைக்காரம்மாவிடம், "அவளும் நானும் சேந்துதாங்க பாஸ் பண்ணோம். பாதி நான் எடுத்துக் கொடுத்ததுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று மாடி வீட்டு அக்காவிடமும் இதையே சொன்னாள். அந்தம்மா போகட்டும் என்று பொறுத்திருந்தேன்.

அப்புறம் எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. "எது நீ எடுத்துக் கொடுத்த? நீ எடுத்துக் கொடுத்ததுல வந்தது இருபத்தொன்பது! அந்த அறுபத்தொண்ணு என்னோடது! ஒவ்வொண்ணும் நான் உக்காந்து உக்காந்து எடுத்தது! உனக்கு என்ன தெரியும் அங்க எப்படி இருக்கும்னு?" குரல் எனக்கே புதிதாக இருந்தது. கை பட்டு மெஷின் மேலிருந்த ஸ்கேல் கீழே விழுந்தது.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு, கையால் துழாவிப் போனை எடுத்து அப்பாவுக்குப் போட்டாள். "என்னங்க, உங்க பொண்ணு கத்துறா. ஆமாங்க, என்னையத்தான். நீங்களே கேளுங்க" என்று போனை என் பக்கம் நீட்டினாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

போனில் லாரி இரைச்சல் மட்டும் கேட்டது. அப்பா வண்டியை ஓரம்கட்டுவது தெரிந்தது. "ஏம்மா நிறுத்திட்ட?" என்றார். "கத்தும்மா. கேட்டு வருஷமாச்சு."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மீதியையும் கத்தி முடித்தேன். போன வருஷத்தில் பாக்கி இருந்ததையும் சேர்த்து. அம்மா ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை பரிசோதனைக் கூடத்தில் சேர வேண்டும். அம்மா தைத்திருக்கும் வெள்ளைக் கோட்டுக்குக் கை நீளம். நாளைக்கு அதற்கொரு சண்டை போட வேண்டும்.