என் கைக்கு வைத்த துடுப்பு

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியாமலேதான் கேட்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது மூலை முடுக்கில் இருக்கும் தூசியெல்லாம் தெரிகிறதாம். என்னை உட்கார விடுவதில்லை.

படகுத்துறை வேலை அப்படியே ஓடுகிறது. புதிதாக வருபவர்களைக் கயாக் என்ற ஒடுக்கமான படகில் உட்காரவைத்து, துடுப்புப் போடச் சொல்லித்தருகிறேன். போன மாதம் எனக்கே வலது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. தைலம் தேய்த்து, துணி சுற்றிச் சமாளித்தேன்.

சென்ற வாரம் ஒரு பிசியோதெரபிஸ்ட் படகு ஓட்ட வந்தார். நான் துடுப்புப் போடுவதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா இப்படி இறுக்கிப் பிடிக்கிற? விரல் சும்மா கொக்கி மாதிரி இருந்தா போதும். கையால இழுக்காத, இடுப்பைத் திருப்பு" என்றார். பிறகு துடுப்பை வாங்கிப் பார்த்தார். அதன் இரு முனைகளிலும் உள்ள தட்டையான அலகுகள் வெவ்வேறு கோணத்தில் நிற்பதால், ஒவ்வொரு வீச்சுக்கும் மணிக்கட்டைப் பின்னால் முறுக்க வேண்டியிருக்கிறதாம். நடுவில் உள்ள பொத்தானை அழுத்தி, இரண்டையும் ஒரே நேராக வைத்தார். "இதை வலது கைக்குன்னு திருப்பி வெச்சிருந்தாங்க. இடக்கைக்காரங்க கிட்ட கொடுத்தா மணிக்கட்டு அவ்வளவுதான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாம் இருவரும் ஓட்டிய அந்த இரட்டையர் படகுப் போட்டிக்கு நம் துடுப்புகளைச் சரிசெய்தது நான்தான். இரண்டையும் என் கைக்கு வைத்தேன். நீ இடக்கைக்காரி என்பது எனக்குத் தெரியாததா? சாப்பிடும்போது முழங்கை இடிக்கிறது என்று தினமும் உன்னைக் கிள்ளியவள் நான். ஆனாலும் தோன்றவில்லை.

"அக்கா, கை விட்டுப்போகுது" என்று பயிற்சியில் மூன்று வாரம் சொன்னாய். "போட்டின்னு வந்தாத்தான் உனக்கு வலி வரும்" என்றேன். இன்னும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். போட்டியன்று முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு உன் அழுகை கேட்டது. காற்று என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, இதிலாவது பொய் வேண்டாம். அழுகை என்று தெரியும். கரை தெரிந்துவிட்டது, நிறுத்த மனம் வரவில்லை.

இரண்டாவதாக வந்தோம். கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் நீ சலூன் வேலையை விட்டதும், எங்களை விட்டுப் போனதும் அதற்குப் பிறகுதான். பாதியில் விடுவது அவள் பழக்கம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். நேற்று அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். எழுந்துபோய், உன் அறை ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மன்னித்துவிடு என்று கேட்க இதை எழுதவில்லை. காலையில் எழும்போது இன்னும் வலிக்கிறதா? தலை வாரிக்கொள்ள முடிகிறதா? அது மட்டும் தெரிந்தால் போதும். பதில் எழுதாதே, கை வலிக்கும். போன் செய். என்னிடம் பேசப் பிடிக்காவிட்டால் அம்மாவிடம் பேசு. நான் பக்கத்தில் நின்று உன் குரலைக் கேட்டுக்கொள்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் அக்கா