ரோஜா நிறச் சீட்டு

சோரியாங்குப்பம்
1937 ஜூலை

அன்பு மகன் சவரிராயனுக்கு உன் அப்பா இன்னாசிமுத்து ஆசீர்வதித்து எழுதுவது. சர்வேசுரன் தயவில் எனக்கும் உன் அம்மா காசம்மாளுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் சைகோனில் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறோம். உன் கடிதம் வந்தது. பண்ணைக்கார அரங்கநாதனிடம் நாம் வாரத்துக்கு உழுத நிலத்தை அவன் பிடுங்கிக்கொண்டதால், திரும்பத் தரச்சொல்லி நீ அவனிடம் மன்னிப்புக் கேட்டு எழுதப்போவதாகப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏன் பிடுங்கினான் என்று சொல்கிறேன், படித்துவிட்டுப் பிறகு பேனாவை எடு.

ஊர் நிர்வாகம் பார்க்கிற பாகூர் மேரி ஆபீசுக்கு நடந்த எலெக்சியோனில் அரங்கநாதனுக்கு எதிராக நம் தெரு செல்லக்கண்ணுவை நிறுத்தினோம். கூலிக்காரன் ஒருவன் அந்த ஆபீசில் உட்கார்ந்தால் நம் தெருவுக்கு ஒரு கிணறாவது வருமே என்றுதான். வோட்டுச் சீட்டை இங்கே சர்க்கார் தருவதில்லை, நிற்கிறவனே அச்சடித்து ஆட்களுக்குக் கொடுக்கவேண்டும் என்பது உனக்குத் தெரியும். அரங்கநாதன் வெள்ளைக் காகிதத்தில் கட்டுக்கட்டாக அடித்தான், கூடவே சாராயம், கறிச்சோறு, வேட்டி. நாங்கள் வீட்டுக்கு வீடு கேழ்வரகு திரட்டி விற்றுப் புதுச்சேரிக்குப் போனால் எங்களுக்கு அடித்துக் கொடுக்க அச்சுக்கூடத்துக்காரர்கள் பயந்தார்கள். கடைசியில் ஆற்றைத் தாண்டி இங்கிலீஷ்காரன் ஆளுகிற கூடலூரில், நாடக நோட்டீசு அடிக்கிற ஒருவர் மிச்சம் கிடந்த ரோஜா நிறக் காகிதத்தில் மலிவாக அடித்துக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவன்கூட நிறத்தைப் பார்த்து நம் சீட்டை எடுத்துக்கொள்வான் என்று சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தோமடா, எங்கள் புத்தியை என்ன சொல்ல.

வோட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் அரங்கநாதனின் கணக்குப்பிள்ளை கண்ணையன் உட்கார்ந்திருந்தான். நான் சீட்டைச் சின்னதாக மடித்துக் கையில் பொத்திக்கொண்டுதான் போனேன், போடும்போது ஓரம் தெரிந்துவிட்டது. இன்னாடா இன்னாசி, மாதாவுக்குப் பூ கொணாந்தியா, கோயிலு அந்தாண்ட கீதுடா என்றான், எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற தணிகைவேல் ரோஜாச் சீட்டைக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வெள்ளைச் சீட்டுக்குக் கை நீட்டினான். அவனை நான் குறை சொல்லமாட்டேன், அவனும் அரங்கநாதன் நிலத்தைத்தான் உழுகிறான். செல்லக்கண்ணு தோற்றான். நான் நாற்று விட்டிருந்த நிலத்தில் அந்த வாரமே வேறொருவன் ஏர் இறங்கியது.

துரை வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சர்க்காரிடம் பணம் இருக்கிறது, நிற்கிற எல்லாருக்கும் ஒரே காகிதத்தில் ஒரே நிறத்தில் சீட்டு அடிக்க இல்லையாம். மேரி ஆபீசில் போய்க் கேட்டேன், கையில தம்புடி இல்லாதவனுக்கு இன்னாத்துக்குப்பா எலெக்சியோன் என்று குமாஸ்தா திருப்பிக் கேட்டார். பணக்காரன்தான் நிற்கலாம் என்றால் எங்களை எதற்கடா வெயிலில் வரிசையில் நிறுத்துகிறார்கள்? அந்தச் சாராயத்தையும் வேட்டியையும் அரங்கநாதன் நாங்கள் அளந்த வாரத்து நெல்லில்தானே வாங்கினான், அதை வைத்தே எங்களைத் தோற்கடித்தான்.

இப்போது ஏம்பலத்தில் கரும்புக்கு மண் அணைக்கக் கூலிக்குப் போகிறேன். களத்தில் நாலு பேர் முன்னால் நான் செய்தது தப்பு என்று சொன்னால் அரங்கநாதன் நிலத்தைத் திருப்பித் தருகிறானாம். ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுய்யா, வாய் இன்னா தேஞ்சா பூடும் என்று உன் அம்மா அழுகிறாள். நான் போகவில்லை. நான் சொல்லாததை நீ கடல் தாண்டி இருந்துகொண்டு எனக்காக எழுதாதே. பிரெஞ்சில் மனு எழுதும் வேலையில் இருக்கிறாயே, அந்தப் பிரெஞ்சில் குவர்னருக்கு எழுது. சீட்டை இனிச் சர்க்காரே எங்கள் வரிப்பணத்தில் அச்சடித்து எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கவேண்டும் என்று எழுது. ஒன்றும் நடக்காமல் போகலாம், அப்போதும் கேட்டது கேட்டதாக இருக்கட்டும்.

ஈரத்துணியோடு படுக்காதே, பூசைக்குத் தவறாதே, நீ தீர்க்காயுசாக இருக்க நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம். மனுவில் என் பெயரையும் ஊரையும் முழுசாகப் போடு. நிலத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் வேண்டாம்.

உன்னைப் பெற்ற,
இன்னாசிமுத்து