நாலாவது கால்

ஆடி, செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து சாரல்.

சாரல் சீசன் நாட்களில் எங்கள் நாய் ஜிம்மி வாசலில் போட்ட சாக்கில் நின்று, நான் "கால்" என்று சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுப்பான். துடைத்த பிறகுதான் உள்ளே வருவான். சாரலிலும் சேறு படாத வீடு என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இன்று மூன்று கால்களைக் கொடுத்தான். நாலாவதைக் கொடுக்கவில்லை.

"ஏலே, அடம் பிடிக்காத. தூக்குலே" என்றேன். என் முகத்தையே பார்த்தான். எரிச்சலில் துண்டை எறிந்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

அந்த ஒரு காலின் தடத்தைத் துடைக்கலாம் என்று பிறகு வந்தேன். தடம் இல்லை. வாசலிலிருந்து கட்டில்வரை சேற்றில் ஒரே கோடு. காலை இழுத்துக்கொண்டே போயிருக்கிறான்.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"காலைல வெளிய கூட்டிட்டுப் போனப்ப டாக்டர்ட்ட காட்டிட்டுதான் வந்தேன். வயசாயிட்டு, இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாரு. ஒங்கிட்ட எப்படிச் சொல்லன்னு இருந்தேன்."

கோட்டைத் துடைத்துவிட்டேன். சாரல் இன்னும் விடவில்லை. நாளைக் காலையில் சாக்கில் வந்து நிற்பான். மூன்றோடு நான் நிறுத்திக்கொண்டால், அந்தக் கால் இனி சரியாகாது என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.